துப்பாக்கிக்குத் தைத்த கண்

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், அடுக்குமாடி வீடு ஒன்றின் மூன்றாம் மாடியில் கிறிஸ்துராஜ் இருக்கிறார். எங்கள் சொந்தம்தான். என் அப்பாவுக்குத் தாய்மாமன் சவரிமுத்து. சவரிமுத்துவின் மகன் ஆரோக்கியம். ஆரோக்கியத்தின் மூத்த மகன் இந்தக் கிறிஸ்துராஜ். அப்படிப் பார்த்தால் எனக்கு மச்சான் முறை. ஆனால் அவர் கட்டியிருக்கும் செலின் என் பெரியம்மா மகளுடைய மகள், என்னைச் சித்தி என்று கூப்பிடுபவள். அப்படிப் பார்த்தால் மருமகன் முறை. மருமகனைக் கேலி பேசக்கூடாது, மச்சானைப் பேசலாம். நான் மச்சான் முறையையே வைத்துக்கொண்டேன். அதில்தான் வசதி.

கிறிஸ்துராஜிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. வெள்ளைக்காரன் காலத்து அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி. பிடிக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதற்குள் விரல்களை விட்டு முன்னால் தள்ளி இழுத்தால், சுட்ட தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். 'கட கட'வென்று ஜோரான சத்தம். அந்தச் சத்தத்தை அந்த வீட்டுக்குப் போன எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெடிக்கிற சத்தத்தைத்தான் ஒருவரும் கேட்டதில்லை. அதற்குண்டான தோட்டா இந்தப் பக்கம் கடைகளில் வருவது நின்று எத்தனையோ காலமாகிறது. வந்தாலும் எதைச் சுடுவது? வேட்டைக்குத் தடை. அம்பத்தூர் ஏரியில் கொக்கு நிற்கிறது, சுட்டால் ஜெயில்.

அந்தத் துப்பாக்கி வந்த கதையைக் கிறிஸ்துராஜ் சொல்லக் கேட்க வேண்டும். தாத்தா சவரிமுத்து ஜவ்வாது மலையில் ஒரே குண்டில் சிறுத்தையைச் சாய்த்தாராம். அதைப் பார்த்த காட்டிலாகா துரை பூரித்துப்போய், கையிலிருந்த துப்பாக்கியை அப்படியே கொடுத்துவிட்டானாம். என் அப்பா கூடவே இருந்தவர், அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுட்டது துரை. தாத்தா சவரிமுத்து துரைக்குச் சமையல்காரர். குண்டு வெடித்தபோது அவர் கையிலிருந்தது முட்டை ஆம்லெட் கரண்டி. துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது நாயை ஒருவனுக்கும் நாற்காலியை ஒருவனுக்கும் கொடுத்தான், துப்பாக்கி இவருக்கு விழுந்தது. நாற்காலி கிடைத்தவன் இன்னும் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி, உட்காரவாவது செய்தான்.

ஆரோக்கியம் காலத்தில் அந்தச் சிறுத்தை புலியாயிற்று. கிறிஸ்துராஜ் காலத்தில் புலி இரண்டாயிற்று. "எங்க வம்சத்துக்கே கண்ணு கூர்மை. மூணு தலைமொறையா எவனும் கண்ணாடி போட்டதில்ல" என்பது கிறிஸ்துராஜ் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தவறாமல் சொல்லும் வார்த்தை.

இவருக்கு ஒரு தம்பி. பிறந்தபோது வைத்த பேர் அருளப்பன். ஷாரனைக் கட்டிக்கொண்டு வேறு சபைக்குப் போன பிறகு ஜாபஸ் ஆகிவிட்டான். வானகரத்தில் வீடு, பைபாஸ் பக்கம் டைல்ஸ் கடை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை உண்டு. அவர்கள் பெண்டாட்டிமார் இருவருக்குள் போட்டியும் உண்டு, ஆனால் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நடக்கும்.

கிறிஸ்துராஜ் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆன மறுவாரம் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். துடைத்தவர் சும்மா வைக்காமல் தோளில் ஏற்றி, சுவர்க் காலண்டரில் இருந்த தேதியைக் குறி பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

குறி பார்ப்பது என்றால் என்னவென்று அவரே எனக்குப் பலமுறை வகுப்பு எடுத்திருக்கிறார். குழாயின் நுனியில் ஒரு சின்ன மணி, மிளகு அளவு. கண்ணுக்குக் கிட்டே, குழாயின் பின்பாதியில், ஒரு தகட்டில் 'வி' மாதிரி ஒரு வெட்டு. வெட்டுக்குள் மணியை உட்கார வைத்து, மணியின் தலைமேல் சுட வேண்டியதை உட்கார வைத்தால் குறி சரி. இந்த மணியும் வெட்டும் சேர்ந்ததுதான் சைட்டு. வெட்டு கிட்டே, மணி கொஞ்சம் தள்ளி, சுட வேண்டியது தூரத்தில். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். கெட்டிக்காரன் மணியை மட்டும் தெளிவாகப் பார்ப்பானாம், மற்ற இரண்டும் மங்கினாலும் பரவாயில்லையாம்.

அன்றைக்குக் கிறிஸ்துராஜுக்கு மணி மெதுவடை மாதிரித் தெரிந்தது. நடுவில் ஓட்டைகூடத் தெரிந்ததாம்.

"சைட்டு தேஞ்சி பூட்ச்சி" என்றார்.

செலின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இரும்பு எங்கனா தானா தேயுமா? கண்ணுல பொறை வந்துகீது. போயி காட்டுங்கோ."

"எங்க வம்சத்துல..."

"ஆமா, உங்க வம்சம். நேத்து குளோரின் பாட்டிலத் தொறந்து ரசத்துல ஊத்தப் பாத்தியே, அதுவும் வம்சமா?"

நான் கேட்டது அதோடு போகவில்லை. பஸ் நம்பர் தெரியாமல் பூந்தமல்லிக்குப் போக வேண்டியவர் ஆவடி போய் இறங்கியிருக்கிறார். கேட்டால், போர்டில் நம்பர் எழுதினவனுக்கு எழுத்து வரவில்லை. பூசையில் பக்கத்து வரிசைப் பெண்ணிடம் "செலின், அந்தக் குடைய எடு" என்றிருக்கிறார். கேட்டால், கோயிலில் வெளிச்சம் பத்தவில்லை. இத்தனைக்கும் குற்றவாளி ஒருவர்தான், அவர் மூக்குக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவரை மட்டும் விட்டுவிட்டு ஊரையே விசாரித்தார் மனிதர்.

துப்பாக்கி விஷயத்தில் பழி சைட்டின் மேல் விழுந்தது. சைட்டை மாற்ற முடிவாயிற்று.

டவுனில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. அங்கே ரிப்பேர் பார்க்கும் யூசுப் பாய்க்கு இவரைக் கண்டால் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். கடைக்குப் பின்னால் ஒரு மர டிராயர் நிறைய பழைய சைட்டுகள். செத்துப்போன துப்பாக்கிகளிலிருந்து கழற்றியவை. கிறிஸ்துராஜ் முதலில் மணியை மாற்றினார். இருந்தது வெள்ளைமணி, பித்தளைமணி போட்டுக்கொண்டு வந்தார். வெயிலில் மின்னுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, சிவப்பு வைத்த மணி. அது ராத்திரி எரியும் கொசுவர்த்தி மாதிரி இருக்கிறதென்று அதுவும் போயிற்று. பிறகு பின்பக்கத்து வெட்டில் இறங்கினார். இரண்டு பக்கமும் மான்கொம்பு வளைந்தாற்போல் ஒரு தகடு உண்டு, அதைப் போட்டார். கொம்பு தெரிந்தது, மணி தெரியவில்லை. சதுர வெட்டுப் போட்டார். சதுரம் தெரிந்தது. மணி தெரியவில்லை.

"நைனா," என்றாராம் யூசுப் பாய், "எட்டாவது தபா வர்றே. தோட்டா இல்லாத துப்பாக்கிக்கு இத்தினி சைட்டு எந்த நவாபும் மாத்தல. சுட்டுப் பாத்தாதான சைட்டு நல்லதா கெட்டதா தெரியும்?"

"சுடறது அப்பால. மொதல்ல தெரியணும்ல."

"இன்னா தெரியணும்?"

"மணி."

"எனக்குத் தெரியுதே. இந்தா, இங்க குந்திகினே தெரியுது. நீ கண்ணுக்குப் பாத்தியா நைனா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகக் கிறிஸ்துராஜ் இரண்டு மாதம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. போனபோது ஓட்டை சைட்டு வாங்கிவந்தார். அது தகட்டில் வெட்டு இல்லாமல் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் கூர்மையாகத் தெரியும் என்று யாரோ ஃபோனில் வீடியோ போட்டிருந்தானாம். கண்ணை வைத்துப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள் பனிமூட்டம் தெரிந்தது. ஊட்டிக்குப் போகாமலே ஊட்டி.

அந்த வருஷப் பிறப்பில் கோயிலில் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது, ஸ்கூட்டர், கார் வரிசைக்கு நடுவே இவர் துப்பாக்கியைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு நின்றார். பங்குச்சாமியார் பார்த்துவிட்டு, "தீர்த்தம் பட்டா துருப் பிடிக்கும்பா, வீட்ல வெச்சே ஜெபம் பண்ணிக்கோ" என்று ஒதுங்கிப் போனார்.

ஓட்டை சைட்டு வந்ததும் ஒரு சங்கடம். அதைச் சோதிக்க வீட்டுக்குள் தூரம் போதாது. ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் தலையணையை வைத்து, தலையணைமேல் துப்பாக்கியை வைத்து, எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைக் குறி பார்க்க ஆரம்பித்தார். வாயால் 'டுமீல்' என்று சொன்னதாகவும் கேள்வி.

எதிர் பிளாக்கில் தொட்டிக்குப் பக்கத்தில் துணி காயப்போட வந்தவள் நிவேதிதா. கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஈரத் துண்டை உதறி நிமிர்ந்தவள், ஒரு கிழவர் தன்னைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டுவதைக் கண்டாள். துண்டைப் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தவள் அங்கிருந்தே ஃபோனில் குடியிருப்புக் குரூப்புக்குப் படத்தோடு அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பிளாக்கும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. செலின்தான் பாவம், கீழே கறிகாய்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தீவிரவாதி மாடியில் இருக்கிறான், வீட்டுக்குப் போகாதீர்கள் என்று அவளையே தடுத்து வைத்துவிட்டார்கள்.

போலீஸ் வந்தது. வந்தவர் ஏட்டு துலுக்கானம். மாடிப்படியில் மெதுவாக ஏறிவந்து, எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீதானாய்யா! நான் இன்னாமோ ஏதோன்னு மூச்சு வாங்க ஏறி வர்றேன்."

துலுக்கானத்துக்கு இவரைத் தெரியாமல் இருக்குமா? ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். எம்.பி. தேர்தல், எம்.எல்.ஏ. தேர்தல், கவுன்சிலர் தேர்தல் என்று ஒன்று மாற்றி ஒன்று வருகிறதா, அந்தத் துப்பாக்கி கிறிஸ்துராஜ் வீட்டில் இருந்த நாளைவிட ஸ்டேஷனில் இருந்த நாள்தான் அதிகம் என்று சொல்வார்கள். பெட்ஷீட்டில் சுற்றி ஷேர் ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டு அவர் போவதைப் பார்த்துத்தான் தேர்தல் வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

மாடியில் நிவேதிதாவும் வந்து சேர்ந்தாள்.

"ஏனுங் அங்கிள், அறிவிருக்குங்களா உங்களுக்கு? என்னையப் பாத்துச் சுடப் பாத்தீங்களே!"

"உன்னையா? நீ இங்கயா இருந்த?" என்றார் கிறிஸ்துராஜ். "நான் தொட்டியப் பாத்துகினு இருந்தேம்மா."

"தொட்டி முன்னால ஆரஞ்சுக் கலர் சுடிதார் போட்டுட்டு நின்னேனுங்க!"

துலுக்கானம் நிவேதிதாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு கிறிஸ்துராஜின் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டினார். "இது எத்தினி?"

"ஏட்டய்யா, மரியாதையா பேசு."

"மரியாதையாத்தான் கேக்கறேன். எத்தினி?"

கிறிஸ்துராஜ் கொஞ்சம் யோசித்தார். எண்ணத் தெரியாதவர் இல்லை. "கைய ஆட்டாம வெய்யி" என்றார்.

அதோடு விஷயம் ஏட்டு கையை விட்டுப் போயிற்று. அந்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம். டாக்டர் சர்ட்டிஃபிகேட் எப்போதும் கேட்பதுதான், ஆனால் மாடியிலிருந்து புகார் போன பிறகு மேலே இருந்த அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண் டாக்டர் பலகையைப் படிக்க வைத்துக் கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி இவருக்கு. இல்லையென்றால் வாரிசு யாராவது ஒருவர் பேருக்கு மாற்றட்டும். கிறிஸ்துராஜுக்கும் செலினுக்கும் பிள்ளை கிடையாது. வாரிசு என்றால் தம்பிதான்.

வானகரத்துக்கு இந்தச் செய்தி எந்த பஸ்ஸில் போயிற்றோ, மறுநாளே ஜாபஸும் ஷாரனும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள், உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிற மாதிரி.

"இன்னாத்துக்குண்ணா இந்த வயசுல உனக்கு இத்தினி பேஜாரு?" என்றான் ஜாபஸ். "எம் பேருக்கு எய்தி குடுத்துட்டு நிம்மதியா இரு. நம்ம ஊட்டுப் பொருளு நம்ம ஊட்டுலதான கீது."

ஷாரன் செலின் பக்கம் திரும்பினாள். "எங்க ஹால்ல டிவிக்கு மேல எடம் விட்டு வெச்சிருக்கோங்க்கா. லைட்டு கூடப் போட்டாச்சி. இங்க பீரோக்குப் பின்னால பெட்ஷீட்டு சுத்தி வெச்சா அதோட அந்தஸ்து இன்னா ஆவறது?"

செலின் ஆப்பிளைக் கழுவினாள். அவளுக்கு அந்தத் துப்பாக்கி பிடிக்கவே பிடிக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது சரிந்து காலில் விழும். தொலைந்தால் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டவள். ஆனால் ஷாரன் வீட்டு ஹாலில், லைட்டுக்குக் கீழே! அவர்கள் போன பிறகு அவள் புருஷனிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற. வல்லைன்னா நானே உன் கண்ண நோண்டிடுவேன்."

கண் ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறது, இடதில் ஆரம்பம்தான் என்றார். சின்ன ஆபரேஷன். உள்ளே புரையை எடுத்துவிட்டு ஒரு லென்ஸ் வைப்போம். அந்த லென்ஸ் ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாக இருக்கும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைத்துக்கொள்வார்கள், படிக்க மட்டும் கண்ணாடி போடுவார்கள். சிலர் கிட்டப் பார்வைக்குக் கேட்பார்கள். உங்களுக்கு எது வேண்டும்?

வருஷக்கணக்காக சைட்டு பொறுக்கின மனிதரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? "யோசிச்சி சொல்றேம்மா" என்று வந்துவிட்டார்.

அன்று வீட்டில் செலினின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்தார். துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, நூலின் ஒரு முனையைப் புருவத்தில் ஒட்டிப் பிடித்து, மறுமுனையைக் குழாயின் நுனி மணி வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். மறுநாள் அந்த நூலை டாக்டரம்மா மேஜையில் வைத்தார்.

"தூரமும் வேணாம், கிட்டவும் வேணாம். இந்த முடிச்சு கீற எடத்துல தெளிவா தெரியணும்."

டாக்டரம்மா நூலை இழுத்துப் பார்த்தார். "நீங்க டெய்லரா? மெஷின் ஓட்டறவங்க சிலர் இப்படிக் கேப்பாங்க."

"அந்த மாதிரி வேலைதாம்மா."

"செய்யலாம். ஆனா இதைவிடத் தூரத்துக்குக் கண்ணாடி போட்டே ஆகணும். ரோட்ல போறப்ப, டிவி பாக்கறப்ப. சரிங்களா?"

கிறிஸ்துராஜ் தலையாட்டினார். காதில் விழுந்தது 'செய்யலாம்' மட்டும். மீதியை வெளியே நர்ஸ் செலினிடம் சொன்னாள். செலின் கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, சொட்டு மருந்து எல்லாம் முடிந்து, துப்பாக்கியைத் தூக்கலாம் என்று ஆனபோது, மனிதர் காலண்டருக்கு எதிரே போய் நின்றார். மணி தெரிந்தது! ஓட்டைக்குள் மணி, முழுநிலா மாதிரி. ஓட்டையைக் கழற்றினார், கொம்பைப் போட்டார், தெரிந்தது. சதுரத்தைப் போட்டார், தெரிந்தது. பித்தளைமணி தெரிந்தது, சிவப்புமணி தெரிந்தது. கடைசியில் எல்லாவற்றையும்விட அருமையாகத் தெரிவது எது என்று யூசுப் பாய் கடையில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து, ஒரு பழைய வெள்ளைமணியையும் 'வி' வெட்டையும் பொறுக்கி எடுத்தார்.

"நைனா," என்றார் யூசுப் பாய், "இது உன்துதான். மொத மொதல்ல நீ கய்ட்டிப் போட்டுட்டுப் போனது."

"அதான் தாத்தா கண்ணு," என்றார் கிறிஸ்துராஜ், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எது நல்லதுன்னு அப்பவே தெரிஞ்சி வெச்சிருக்காரு பாரு."

வீட்டில் அவருக்கு இன்னொன்றும் தெரிய ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜை சின்னது. எதிரே செலின் உட்கார்ந்தால், அவள் முகம் சரியாக அந்த முடிச்சு இருக்கும் தூரத்தில் வருகிறது. சோற்றைப் பிசைந்தவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு அப்டிப் பாக்கற?"

"உனக்குத் தாடையில மச்சம் எப்ப வந்துச்சி?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே இருந்துச்சி. உங்கம்மா அத்தப் பாத்துதான் 'அதிர்ஷ்டக்காரி'ன்னு சொல்லி இட்டாந்தாங்க. நீ இன்னாத்தப் பாத்துகினு இருந்த?"

"புடவையப் பாத்தேன்."

"இத்தினி வருசம் புடவையோடயா குடும்பம் நடத்தின?"

சர்ட்டிஃபிகேட் நாளும் வந்தது. துணைக்கு என்று ஜாபஸும் ஷாரனும் வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஷாரன் நல்ல பட்டுப் புடவையில் வந்திருந்தாள். கைப்பையில் வாரிசுக் காகிதமெல்லாம் தயாராக இருந்தது. கிறிஸ்துராஜ் வேட்டைக்குப் போகிற நடையில் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது.

இது வேறு டாக்டர். எழுத்துப் பலகை அறையின் அந்தக் கோடியில். இடது கண்ணை மூடச் சொன்னார்.

"மேல இருக்கற பெரிய எழுத்து என்ன?"

"அ."

"அடுத்த வரி?"

கிறிஸ்துராஜ் கழுத்தை நீட்டினார். உடம்பை முன்னால் சாய்த்தார். ஒரு காலை எடுத்து வைக்கப் பார்த்தார்.

"நகரக் கூடாது. அங்கயிருந்தே சொல்லுங்க."

"பலகைய இங்க எடுத்தாரச் சொல்லு டாக்டரே," என்றார். கையை நீட்டி, ஒரு துப்பாக்கி நீளத்துக்குக் காற்றில் தொட்டுக் காட்டினார். "தோ, இங்க வெச்சா எறும்பு காலக்கூட எண்ணிடுவேன்."

"பலகை அங்கதான் இருக்கும்."

"புலி எதுக்கால வந்தா கிட்ட வரச் சொல்லுவியாண்ணா?" என்றான் ஜாபஸ் வெளியிலிருந்து. ஷாரன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூடின வாயைத் திறந்து, "ஆணி கூட அடிச்சாச்சிக்கா. கவலப்படாத. நீ எப்ப வந்தாலும் பாக்கலாம்" என்றாள்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். செலின் பின்னால் எனக்குச் சொன்னது இதுதான்: "சித்தி, அந்த நிமிசம் வரைக்கும் கர்த்தரா பாத்து இந்தச் சனியனத் தொலைக்கறாருன்னுதான் குந்தியிருந்தேன். வாயே தொறந்திருக்க மாட்டேன். இவ 'ஆணி'ன்னா."

எழுந்தாள். உள்ளே போனாள். கைப்பையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடிக் கூட்டை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தாள். நர்ஸ் சொன்னதை மறக்காமல், ஆபரேஷனுக்குப் பிறகு நம்பர் எழுதி வாங்கி, அம்பத்தூரில் செய்து, பையிலேயே வைத்திருந்தாள். தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே அத்தனை நாளாய் வைத்திருந்தாள்.

கிறிஸ்துராஜ் பாம்பைப் பார்த்தமாதிரி பார்த்தார். "இன்னாடி இது? எங்க வம்சத்துல..."

"வம்சம் வெளிய நிக்கட்டும். நீங்க போடுங்கோ."

"எவனும் போட்டதில்லடி!"

"உங்க தாத்தாவுக்கு வெங்காயம் தெரிஞ்சா போதும். உங்களுக்குப் பலகை தெரியணும். போடறியா, இல்ல அந்த ஆணியில தொங்க உடறியா?"

அவர் பெஞ்சைப் பார்த்தார். ஷாரனின் முகம் தெரியவில்லை, அவ்வளவு தூரம் அவருக்குத் தெரியாது. பட்டுப் புடவை மட்டும் பளபளவென்று தெரிந்தது. அது போதுமாயிருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

பிறகு படித்தார் பாருங்கள். இரண்டாவது வரி, மூன்றாவது வரி, கடைசி வரி. அதற்குக் கீழே பலகையின் ஓரத்தில் அச்சடித்தவன் பேர் பொடியாக இருந்தது, அதையும் படித்தார். இடது கண்ணாலும் ஒரு மாதிரி சமாளித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே, கண்ணாடி அணிந்தால் பார்வை சரி, துப்பாக்கியைக் கையாளும்போது கண்ணாடி கட்டாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஷாரன், "சந்தோசங்க்கா" என்றாள். செலின் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "அந்த ஆணியப் புடுங்காத. காலண்டரு மாட்டிக்கலாம்."

அன்று வீட்டுக்கு வந்த கிறிஸ்துராஜ் முதல் வேலையாகத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. சுவர்க் காலண்டரில் தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கல்வெட்டு மாதிரித் தெரிந்தன. மணி? மெதுவடை. ஆரம்பித்த இடத்தில் இருந்த அதே மெதுவடை. கண்ணாடியைக் கழற்றினார். மணி நிலாவாயிற்று. காலண்டர் காணாமல் போயிற்று. போட்டார், கழற்றினார், போட்டார். கண்ணாடி இருந்தால் துப்பாக்கி அவருடையது, ஆனால் மணி இல்லை. கழற்றினால் மணி உண்டு, சட்டப்படி துப்பாக்கி இல்லை.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து சிரித்திருப்பான், அல்லது அழுதிருப்பான். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் செலினைக் கூப்பிட்டார்.

"மணி சின்னதா கீது. கொஞ்சம் பெருசா போட்டா கண்ணாடியோடவே தெரியும். யூசுப் பாய்கிட்ட பட்டாணி சைஸ்ல ஒண்ணு பாத்த ஞாபகம்."

நல்லவேளை, அதற்குள் தேர்தல் தேதி வந்துவிட்டது. பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஸ்டேஷனில் துலுக்கானம் பிரித்துப் பார்த்து, தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினார். "இந்தத் தபா இன்னா சைட்டுய்யா? நல்லாத்தான் தெரியுது."

"கைய வெக்காத. நகந்துடப் போவுது."

"நகந்தா இன்னா? இது இங்க எவனச் சுடப் போவுது?" என்று உள்ளே கொண்டுபோய் மூலையில் சாய்த்தார்.

இப்போது துப்பாக்கி இல்லை. ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் கிறிஸ்துராஜுக்கு வேலையும் இல்லை. போனவாரம் நான் போயிருந்தபோது மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு எதிரே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செலினு, உன் காதாண்ட ஒரு நரை தனியா சுருண்டு நிக்கிது. முந்தாநேத்து இல்ல அது."

"சித்தி வந்துகீறாங்க, சும்மா இருங்கோ."

"மூக்குத்திக் கல்லுல ஒண்ணு கொஞ்சம் மங்கல். மேல் ஒதட்டுல வேர்வை."

செலின் எனக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

"இங்க குந்தினாத்தான் சித்தி நிம்மதி," என்றாள். "அவரு முடிச்சுப் போட்ட நூலு இவ்ளோ தூரம் எட்டாது."

கிறிஸ்துராஜ் மேஜைமேல் கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.